மேட்ரனம்மா சிரித்த நான்கு வருஷங்கள்

மேட்ரனம்மாவுக்கு மூடுபனி ஆகாது. ஏற்காட்டில் இருந்துகொண்டு மூடுபனி ஆகாது என்பது, கடலோரத்தில் குடியிருந்துகொண்டு அலைச் சத்தம் ஆகாது என்று சொல்கிற மாதிரிதான். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை இறங்கி, சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகத் தொடங்கினால் அவர் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். யாரோ தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மரங்களைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிற மாதிரி நிற்பார்.

எதிரே வருவது இன்னதென்று தெரியாத எதுவுமே அவருக்கு ஆகாது என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று.

எழுபதுகளின் நடுவில் நான் அங்கே வேலைக்குப் போனேன். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றோடு சேர்ந்த பெண்கள் விடுதி. எண்பது பிள்ளைகள். பாதிப் பேர் காப்பி எஸ்டேட்டுகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், பாதிப் பேர் கீழே சேலத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர் மேட்ரன், நான் உதவி மேட்ரன். எனக்கு இருபத்திரண்டு வயது, அவருக்கு நாற்பத்தாறு. மலையடிவாரத்தில் குப்பனூரில் ஒரு சின்னச் சர்ச்சில் எங்கள் அப்பா உபதேசியார். வாயில்லாத மனிதர். அந்த வாயைத்தான் நானும் கொண்டு பிறந்திருந்தேன்.

போய் இறங்கிய அன்றைக்கு அவர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அது அவருக்கு முன்னமே தெரியும்.

“பஸ்ல வாந்தி வந்துச்சா கண்ணு?” என்று கேட்டார்.

“இல்லீங்கம்மா.”

“வந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?”

நான் முழித்தேன். அவர் தன் கைப்பையைத் திறந்து, ஒரு எலுமிச்சம் பழத்தையும் நான்காக மடித்த பழைய செய்தித்தாளையும் எடுத்துக் காட்டினார்.

“இதெல்லாம் நெனச்சுப் பாத்துட்டுத்தான் பஸ் ஏறோணும். வாந்தி வராதது உன் கெட்டிக்காரத்தனம் இல்ல.”

அவரோடு இருந்தால் எல்லாவற்றையும் இப்படித்தான் நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அடுப்பு அணைந்தால் என்ன, சமையற்காரி வராவிட்டால் என்ன, ஒரு பிள்ளை படியில் உருண்டால் யார் ஓடுவது, யார் மற்ற பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வது. எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. நோட்டுப் புத்தகத்தில் அல்ல, தலைக்குள். எந்தப் பிள்ளைக்கு எப்போது ஜுரம் வரும் என்றுகூட அவர் ஏறக்குறையச் சொல்லிவிடுவார். அந்தப் பிள்ளைக்கும் வந்துவிடும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவரை நான் சும்மா குறை சொல்லிக்கொண்டே போனால் அது பொய்யாகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாற்பது பிள்ளைகளை மலை விளிம்பில் இருக்கிற லேடீஸ் சீட் பாறைப் பக்கம் நடக்கக் கூட்டிக்கொண்டு போனோம். போகும்போது நல்ல வெயில். திரும்புகிற நேரத்தில் பள்ளத்திலிருந்து பனி கொதித்துக்கொண்டு மேலே வந்தது. இரண்டு நிமிஷத்தில் பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் முகம் தெரியவில்லை. ஒரு பக்கம் பாதை, ஒரு பக்கம் பாறை விளிம்பு. சின்னப் பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். எனக்கும் அழுகை வந்தது. மேட்ரனம்மா பைக்குள் கையை விட்டுத் துணி உலர்த்துகிற கயிற்றை வெளியே எடுத்தார். காலையிலேயே அதைச் சுருட்டி வைத்திருக்கிறார். வெயில் அடித்த காலையில்!

“எல்லாரும் கயித்தப் புடிங்க. யாரும் பேசக்கூடாது. நான் பேரு கூப்புடுவேன், ‘இருக்கேன்’னு மட்டும் சொல்லுங்க.”

அந்த வெள்ளைக்குள் நாற்பது பெயர்களையும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே, ஒரு மைல் தூரம் எங்களை இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார். விடுதி வராந்தாவில் கயிற்றை விட்ட பிறகு பார்த்தேன், அவர் உள்ளங்கை தோலுரிந்து சிவந்திருந்தது. யாரிடமும் காட்டவில்லை. அன்றைக்கு அவர் காலில் விழச் சொல்லியிருந்தாலும் நான் விழுந்திருப்பேன்.

அதே கைதான் இன்னொரு காரியத்தையும் செய்தது.

பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்க மாதத்தில் ஒரு சனிக்கிழமை என்று வைத்திருந்தார். மற்ற நாளில் யார் வந்தாலும் கேட்டோடு சரி. ஒரு வியாழக்கிழமை, நாகலூர் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு அப்பா வந்தார். தலையில் ஒரு பெரிய பலாப்பழம். ஏழெட்டு மைல் நடந்து வந்திருக்கிறார். அடுத்த நாள் கேரளாப் பக்கம் வேலைக்குப் போகிறாராம், திரும்பி வர ஒரு வருஷம் ஆகுமாம்.

“அஞ்சு நிமிசம் பாத்துட்டுப் போயிர்றனுங்க” என்றார்.

“இன்னிக்கு நாளில்லீங்க” என்றார் மேட்ரனம்மா. மரியாதையாகத்தான் சொன்னார். “ஒருத்தருக்குத் தொறந்தா எல்லாருக்கும் தொறக்கோணும். பிள்ளைங்க மனசு கலஞ்சு போயிருமுங்க. நாளைக்கு இங்க யார் அழுவாங்க, யார் சாப்புட மாட்டாங்கன்னு எனக்குத் தெரியோணுமில்லீங்க.”

அந்த அப்பா தலையிலிருந்து பழத்தை இறக்கினார். பழத்தைக் கேட்டுக்கு உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போனார். மகள் மாடி ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாம் வகுப்புப் பிள்ளை. மேட்ரனம்மா அந்தப் பழத்தை வெட்டி, எண்பது பிள்ளைகளுக்கும் ஒரே அளவாக ஆளுக்கு ஒரு சுளை கொடுத்தார். அந்தப் பிள்ளைக்கும் ஒரு சுளை. அவள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“சாப்புடு சாமி, கெட்டுப் போயிரும்” என்றார் மேட்ரனம்மா. நிஜமான அன்போடுதான் சொன்னார். அதுதான் எனக்கு அப்போதும் பயமாக இருந்தது.

இனி என் கதை. அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

ஏரிக்கரையில் படகு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒருவர் கேமராவோடு நிற்பார். மேலே வருகிறவர்களை ஏரி பின்னால் தெரியப் படம் எடுத்து, விலாசம் வாங்கிக்கொண்டு தபாலில் அனுப்பி வைப்பார். எங்கள் சர்ச்சுக்குத்தான் வருவார். பாட்டு நன்றாகப் பாடுவார். பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்குப் படம் எடுக்க வந்தவர், பிள்ளைகளின் படத்தோடு என் படம் ஒன்றையும் கொடுத்தார். நான் சாப்பாட்டு மணி அடித்துக்கொண்டிருக்கும்போது எனக்குத் தெரியாமல் எடுத்தது. அதில் நான் அழகாக இருந்தேன். அது எனக்கு ஒரு செய்தியாக இருந்தது.

ஒரு வருஷம் அப்படியே போயிற்று. சர்ச் முடிந்து வெளியே வரும்போது நாலு வார்த்தை, மார்க்கெட்டில் நாலு வார்த்தை. பிறகு அவர் நேராகவே கேட்டார். “உங்க அப்பாகிட்ட வந்து கேக்கட்டுங்களா?” நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை மேட்ரனம்மா எங்கேயிருந்து பார்த்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, அவரே கலந்த காப்பியைக் கொடுத்தார்.

“சீசன்ல கூட்டம் வருது, சோறு கெடைக்குது. மழ காலத்துல யார் வந்து படம் புடிப்பாங்க? பனி வந்தா கேமராவுல என்ன தெரியும்? நாளைக்கு இன்னும் நாலு பேரு கேமரா தூக்கிட்டு வந்து நின்னா? நெனச்சுப் பாத்தியா கண்ணு?”

நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. அதில்தான் எனக்குச் சந்தோஷமே இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் காப்பியைக் குடித்தேன்.

மேட்ரனம்மா எங்கள் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். நல்ல பையன்தான், நடத்தையில் குறை இல்லை, ஆனால் நிச்சயமான வருமானம் இல்லை, நாளைக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது, மகளை இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன், கவலைப்பட வேண்டாம். ஒரு பொய்யும் இல்லாத கடிதம். அப்பா அந்தக் கடிதத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கேட்க வந்தவரிடம் “மேட்ரனம்மா வேண்டாங்கறாங்க” என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

அந்த மனிதர் இரண்டு மழைக்காலம் ஏரிக்கரையிலேயே நின்றார். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இந்த வயதிலும் யோசிக்கிறேன். பேசவில்லை. அது என் குற்றம், அதை மேட்ரனம்மா தலையில் கட்ட மாட்டேன். பிறகு அந்தப் போட்டோக்காரர் பெங்களூர்ப் பக்கம் போனார், ஸ்டுடியோ வைத்தார், கல்யாணம் செய்துகொண்டார் என்று கேள்விப்பட்டேன். அடுத்தடுத்து வந்த இரண்டு இடங்களிலும் மேட்ரனம்மா ஏதோ ஒன்று நினைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

மேட்ரனம்மா ஓய்வு பெற்றபோது அவர் இடத்துக்கு நான் வந்தேன். அதையும் அவர்தான் ஐந்து வருஷத்துக்கு முன்னாலேயே பேசி முடித்து வைத்திருந்தார். மார்க்கெட்டுக்குப் பின்னால் சரிவில் இரண்டு அறை வீடு ஒன்றை வாங்கிக் குடி போனார். வாரம் ஒரு முறை விடுதிக்கு வந்து, நான் எல்லாவற்றையும் அவர் வைத்தபடி வைத்திருக்கிறேனா என்று பார்ப்பார். வைத்திருந்தேன். ஒரு ஜன்னல் கொக்கிகூட மாறவில்லை.

அவருக்கு அறுபத்திரண்டு வயதானபோது வயிற்றில் ஏதோ துடிக்கிறது என்றார். சேலத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். வயிற்றுக்குள்ளே பெரிய ரத்தக் குழாய் உப்பியிருக்கிறதாம். அறுவை சிகிச்சை அந்த வயதில் ஆபத்தாம். அப்படியே விட்டால் ஒரு நாள் வெடிக்கலாம், வெடிக்காமலும் இருக்கலாம்.

“எப்பங்க?” என்று கேட்டார் மேட்ரனம்மா.

“அத யாராலயும் சொல்ல முடியாதுங்கம்மா. நாளைக்கும் இருக்கலாம், பத்து வருசம் கழிச்சும் இருக்கலாம்.”

“ஏறக்குறைய சொல்லுங்க.”

“ஏறக்குறையகூடச் சொல்ல முடியாதுங்க.”

“நீங்க படிச்சவருதானுங்களே?” என்றார் மேட்ரனம்மா. டாக்டர் சிரித்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை.

மலை ஏறுகிற பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் அவர் எதிர்ச் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். மறுநாள் காலையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டார். எந்தப் புடவை உடுத்த வேண்டும், என்ன பாட்டுப் பாட வேண்டும், பெட்டியை எந்த ஆறு பேர் தூக்க வேண்டும், அந்த ஆறு பேரில் ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் ஏழாவது யார். எல்லாம் முடிந்தது. தச்சரைக் கூப்பிட்டுப் பெட்டிக்கு அளவு எடுக்கச் சொன்னார். அந்த மனுஷன் நெளிந்தார்.

“உயிரோட இருக்கறவங்களுக்கு எப்படீங்கம்மா அளவெடுக்கறது?”

“செத்த பொறகு நான் வந்து நீளம் சரியா இருக்குதான்னு பாக்க முடியாதில்லீங்க” என்றார்.

அளவெடுத்த பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. சந்திலிருந்து அவர் வீட்டு வாசலுக்குத் திரும்புகிற இடத்தில் இரண்டு கல் தூண்கள் நெருக்கமாக இருந்தன. பெட்டி திரும்பாது. சாய்த்துத்தான் கொண்டுபோக வேண்டும். சாய்ந்து போக மேட்ரனம்மாவுக்குச் சம்மதமில்லை. ஆளைக் கூப்பிட்டு ஒரு தூணைப் பெயர்த்தெடுத்தார். கேட்டையும் கழற்றிச் சுவரோரமாக வைத்தாயிற்று.

எல்லாம் தயார். சாவு வரவில்லை.

ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று. மழை பிடித்துக்கொண்டது. அவர் கட்டிலில் நேராகப் படுத்துக் காத்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நான் அங்கே போனபோது அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கேட் இல்லாத வாசல் வழியாக யாருடையதோ ஒரு பசு மாடு உள்ளே வந்து, அவர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து விடுதியிலிருந்து கிழங்கு கொண்டுவந்து வரிசையாக நட்டு வளர்த்த டேலியாச் செடிகளைத் தின்றுகொண்டிருந்தது. பாதிக்கு மேல் முடித்துவிட்டது. கம்பு அவர் கைக்கெட்டுகிற தூரத்தில் கிடந்தது. அவர் எடுக்கவில்லை.

“மேட்ரனம்மா, மாடுங்க!” என்று கத்தினேன்.

“பாத்துட்டுத்தான் இருக்கறேன் கண்ணு.” அவர் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. “எல்லாத்தையும் நெனச்சுப் பாத்தேன். தூண எடுத்தேன், கேட்ட எடுத்தேன், ஆறு பேருக்குச் சொன்னேன். சாவு வரும்னு வழிய அகலமா பண்ணி வெச்சா, மாடு வருது.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பதினாறு வருஷத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவருக்கு மேல் வரிசையில் ஒரு பல் இல்லை என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உள்ளே அந்தக் குழாய் வெடித்துவிடும் என்று நான் நடுங்கிப் போனேன். மாடு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் தின்றது.

அன்றோடு அந்தப் பழைய அம்மா போய்விட்டார்.

அடுத்த வாரம் நான் போனபோது ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. பனி உள்ளே வந்து நடுவீட்டில் நின்றது. அதற்குள்ளே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். “மழ வந்துருமுங்க, சாத்தட்டுங்களா?” என்றேன். “வந்தா வரட்டும், பாக்கலாம்” என்றார். அந்தப் ‘பாக்கலாம்’ அவர் வாயில் புதுச் சொல். பிறகு எதற்கெடுத்தாலும் அதுதான். சேலத்துக்குப் போகிறேன் என்று கிளம்பிப் பஸ் ஸ்டாண்டுக்கு வருவார். முதலில் வருகிற பஸ் எங்கே போனாலும் ஏறிக்கொள்வார். ஒரு தடவை குப்பனூர்ப் பாதையில் இறங்கி, சொல்லாமல் கொள்ளாமல் என் தம்பி வீட்டுக்குப் போய் மூன்று நாள் இருந்து களி தின்றுவிட்டு வந்தார். தம்பி பெண்டாட்டி எனக்குச் சொல்லி அனுப்பினாள்: “உங்க மேட்ரனம்மா மாதிரி ஒரு மனுசி உண்டா! எங்கூட்ல குடுத்தத சாப்பிட்டு, போட்ட எடத்துல படுத்துக்கிட்டாங்க.”

ஊருக்கே அவரைப் பிடித்துப்போயிற்று. ஜீப்பு ஓட்டுகிறவர்கள் நிறுத்தி ஏற்றிக்கொள்வார்கள். டீக்கடையில் காசு வாங்க மாட்டேன் என்பார்கள். சர்ச்சில் பிரசங்கத்தில்கூட ஒரு நாள் அவரை உதாரணம் சொன்னார்கள், விதைக்காமல் அறுக்காமல் வாழ்கிற ஆகாயத்துப் பறவைகள் போல என்று.

முதலில் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எப்போது கசக்கத் தொடங்கியது என்று என்னால் சரியாகச் சொல்ல முடியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு பிள்ளையின் அப்பா விடுதிக் கேட்டில் வந்து நின்றார். மகளைப் பார்க்க வேண்டும் என்றார். “இன்னிக்கு நாளில்லீங்க, சனிக்கெழம வாங்க” என்றேன். சொல்லிக்கொடுத்த பாடம் அப்படியே வந்தது. அந்த நேரம் பார்த்து மேட்ரனம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு, பாடிக்கொண்டே மேடேறி வந்தார்.

“அட, உடு கண்ணு” என்றார். “அப்பன் புள்ளயப் பாக்கறதுக்கு நாள் என்ன, கெழம என்ன? நீங்க போங்க சாமி உள்ள.”

அந்த மனிதர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். இந்தப் பொம்பளைக்குப் பிள்ளை குட்டி இருந்தால்தானே தெரியும் என்கிற பார்வை. மேட்ரனம்மா எனக்கு ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்துக் கொடுத்தார். அன்றைக்குச் சாப்பாட்டு அறையில் மற்ற பிள்ளைகள் எல்லோரும், எங்கள் அப்பாவை மட்டும் ஏன் விடவில்லை என்று என்னிடம்தான் அழுதார்கள்.

அவர் விதைத்ததை நான் அறுத்துக்கொண்டிருந்தேன். அவர் பறவையாகிவிட்டார்.

அந்த மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகலாம் வா என்று கூப்பிட்டார். விடுதியில் இருந்த காலத்தில், மலை மேலிருந்து மேளச் சத்தம் கேட்டால், விடுமுறைக்குப் போகாமல் தங்கியிருக்கும் ஒன்றிரண்டு பிள்ளைகள் காதில்கூட விழக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தச் சொன்னவர். “சாமி கும்புட இல்ல கண்ணு, சனத்தப் பாக்கத்தான்” என்றார். விடுமுறை, விடுதி காலி. போனேன்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. மலைக் கிராமங்களிலிருந்து வந்த குடும்பங்கள் புல்வெளி முழுக்கப் பரவி உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருந்தன. சாமி இருக்கிற குகைக்குள் நுழைய ஒரு பெரிய வரிசை நின்றது. நாங்கள் ஒரு பாறை மேல் உட்கார்ந்தோம். மேட்ரனம்மா பொரிகடலைப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டே, யாரோ ஒரு கைக்குழந்தைக்கு வாயைக் குவித்துக் காட்டி விளையாடினார். அந்தக் குழந்தை சிரித்தது. எனக்குள் என்னவோ அறுந்தது.

“எங்கப்பாவுக்கு நீங்க ஒரு லெட்டர் எழுதுனீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?” என்றேன்.

“எந்த லெட்டர் கண்ணு?”

“போட்டோக்காரரப் பத்தி.”

அவர் வாய் மெல்லுவதை நிறுத்தியது. “ஆமா. எழுதுனேன்.”

“அதுல ‘பாக்கலாம்’னு ஒரு வார்த்த எழுதியிருக்கலாமில்லீங்க.” என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “மழைக்குச் சொல்றீங்க, மாட்டுக்குச் சொல்றீங்க, கேட்டுல வந்து நிக்கற ஆளுக்குச் சொல்றீங்க. எனக்கு மட்டும் சொல்லாம உட்டுட்டீங்களே.”

மேளம் எங்கள் பக்கமாக வந்து கடந்து போயிற்று.

“எனக்கு அப்பல்லாம் பயம் சாமி” என்றார். “உனக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயம். எல்லாருக்கும் ஏதாச்சும் ஆயிருமோன்னு பயம். தப்புத்தான். இப்ப அந்தப் பயம் போயிருச்சு. நீயும் உட்டுரு கண்ணு. எல்லாத்தையும் உட்டுப் பாரு, நொம்ப லேசா இருக்குது.”

“உடறதுக்குக் கையில ஏதாச்சும் இருக்கோணுமில்லீங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். புரியாமல் இருக்க அவர் முட்டாள் இல்லை. பிறகு என் கையை இழுத்து விரித்து, அதில் பொரியைக் கொட்டினார்.

“பசியோட பேசாத கண்ணு. சாப்புடு மொதல்ல” என்றார்.

பாதியைக் காற்று கொண்டுபோயிற்று. மீதியைத் தின்றேன். வேறென்ன செய்வது. அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அந்தக் குழாய் நான்கு வருஷம் பொறுத்தது. கடைசி வருஷத்தில் அவர் வீட்டில் தங்கியதே குறைவு. பழைய மாணவிகள் யாராவது கூப்பிட்டால் ஒரு பையோடு கிளம்பிவிடுவார். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீடு. எங்கே இருக்கிறார், எப்போது வருவார் என்று எனக்குத் தெரியாது. கேட்பவர்களிடம் நானும் பார்க்கலாம் என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

ஒரு நாள் பள்ளிக்கூட ஆபீசுக்கு ஆத்தூரிலிருந்து போன் வந்தது. மேட்ரனம்மா முந்தின நாள் காலையில் இறந்துவிட்டார். வெயில் காலம், யாருக்குச் சொல்வது என்று அவர் சொல்லி வைக்கவில்லை, அன்று சாயங்காலமே அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துப் போன் நம்பரை அந்த ஊர்ப் போதகர்தான் எங்கேயோ விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

நான் போய்ச் சேரும்போது மத்தியானம். கல்லறையில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. அழுகை வரும் என்று நின்றேன், வரவில்லை. அவர் கடைசியாகத் தங்கியிருந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரி எங்கள் விடுதியில் படித்த பெண். எனக்கு முகம் ஞாபகம் இருந்தது. ஜுரம் வருகிற பிள்ளை. அவள் அழுது அழுது குரலே கம்மிப் போயிருந்தது. அவள் புருஷனும் பிள்ளைகளும்கூட அழுதுகொண்டிருந்தார்கள்.

“மொச்ச உரிச்சுட்டு இருந்தாங்க்கா. எங்க சின்னவ ஏதோ சொன்னா, சிரிச்சாங்க. சிரிச்சுட்டே சாஞ்சுட்டாங்க” என்றாள். “சின்ன வயசுல அவங்களப் பாத்தா எங்களுக்கெல்லாம் எப்படி நடுங்கும்! அந்த மேட்ரனம்மாவா இவங்கன்னு நம்பவே முடியலீங்க்கா. இந்த ரெண்டு மாசம் எங்கூட்டுக்குத் தேவதையாட்டம் இருந்தாங்க.”

அவருடைய பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இரண்டு புடவை, ஒரு வேதப் புத்தகம், சீப்பு. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். எனக்கென்று எதுவும் இல்லை. எதையோ தேடி அதைப் புரட்டியதே வெட்கமாக இருந்தது.

“உங்களப் பத்திப் பேசாத நாள் இல்லீங்க்கா” என்றாள் அவள்.

நான் நிமிர்ந்தேன். “என்ன சொன்னாங்க?”

“‘அவ தங்கமானவ. இத்தன வருசத்துல என்னைய எதுத்து ஒரு வார்த்த பேசுனதில்ல’ன்னு சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போவாங்க.”

ஒரு வார்த்தை பேசியிருந்தேன். என் ஆயுளில் பேசிய ஒரே வார்த்தை. அவர் அதை மறந்துவிட்டாரா, அல்லது மற்றவற்றையெல்லாம் விட்ட மாதிரி அதையும் விட்டுவிட்டாரா என்று கேட்க ஆள் இல்லை.

“நீங்க குடுத்து வெச்சவங்க்கா” என்றாள் அவள். “அத்தன வருசம் அவங்க கூடவே இருந்தீங்களே.”

“ஆமா கண்ணு” என்றேன்.

அவள் உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். சர்க்கரை மிக அதிகம். ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தேன்.